அமரம்

துடுப்பு வலிக்கிறவன்
போகும் திசையைப் பார்ப்பதில்லை.
நான்கு முதுகுகள் முன்னால் போகும் படகில்
அமரத்தில், சுக்கான் கயிறுகளைப் பிடித்தபடி
ஒடுங்கிக் கிடக்கும் பொடியன் ஒருவனுக்குத்தான்
வழி தெரியும்.
அந்தப் பொடியன் நான்.
எனக்கு நேர் எதிரே, மூச்சுப் படும் தூரத்தில்
ஆல்வின் பாஸ்கோ.

மூன்று பருவம் அவன் முகத்தையே பார்த்திருந்தேன்.
வாங்கனுயி ஆற்றைப் பற்றி யாராவது கேட்டால்
எனக்கு முதலில் வருவது
அவன் இடது புருவத்துத் தழும்பு.
பிறகு, பாலம் தாண்டியதும் புடைக்கிற கழுத்து நரம்பு.
வாரமெல்லாம் கம்பளிக் கிடங்கில் பொதி சுமந்தவன்,
சனிக்கிழமை ஆட்டுக்கொழுப்பு மணக்கும் கையோடு
துடுப்பை எடுப்பான்.

பந்தயத்தில் நான் பொய் சொல்வேன்.
"இன்னும் பத்தே வலி, ஆல்வின், பத்தே பத்து!"
முப்பது பாக்கியிருக்கும்.
திரும்பிப் பார்க்க முடியாதவனிடம்
பொய் சொல்வது சுலபம்.
அவனுக்கும் தெரியும்.
பதினொன்றாவதை ஒரு கெட்ட வார்த்தையோடு இழுப்பான்.

நாற்பதாம் வருடம்
பாலத்தின் மூன்றாம் தூணை நான் அகலச் சுற்றினேன்.
முக்கால் கஜத்தில் போயிற்று கோப்பை.
கரையில் படகைக் கவிழ்த்துத் தண்ணீர் வடியவிட்டபடி
"உனக்குப் பசிக்கலையா?" என்றான்.
அதற்குமேல் அதைப் பற்றி
அவன் பேசியதே இல்லை.

இளைப்பு நோய்க்காரனென்று
விமானப்படை என்னைத் திருப்பி அனுப்பியது.
அவனை எடுத்துக்கொண்டுபோய்
குண்டு வீசும் விமானத்தின் வாலில்
கண்ணாடிக் கூண்டுக்குள்
துப்பாக்கிகளோடு உட்காரவைத்தது.

கடிதம் போட்டிருந்தான்:
"இங்கேயும் முழங்கால் மோவாயில் இடிக்கிறது.
இங்கேயும் விட்டுவந்ததைத்தான் பார்க்கிறேன்.
கடைசியில் உன் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது, பார்.
எதிரே உன் மூஞ்சி இல்லை, வெறும் இருட்டு.
இருட்டு உன் அளவுக்குப் பொய் சொல்வதில்லை.
பின்னால் என்ன வருகிறதென்று ஓட்டுகிறவன் கேட்பான்.
நான்தான் சொல்ல வேண்டும்."

ஜூன் மாதம். ஒன்பதாவது இரவு.
கடைசியாக என்ன சொன்னான் என்று
கேட்டவர் ஒருவரும் மிஞ்சவில்லை.

தந்தியில் இருந்த சொல்: காணவில்லை.
அதற்குக் காலம் கிடையாது.
நேற்றும் காணவில்லை, இன்றும் காணவில்லை.
அவன் அம்மா அதை நம்பியே பத்தொன்பது வருடம்
அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாள்.

இப்போது ஹாலந்திலிருந்து ஒரு கடிதம்.
சீட்ஸே ஹூக்மா என்கிற விவசாயி.
கடலாய் இருந்ததை ஏரியாக்கி
ஏரியை இறைத்து வயலாக்கிவிட்டார்களாம்.
உழும்போது கொழுவில் இரும்பு தட்டியதாம்.
இரண்டு இயந்திரம். பாதி இறக்கை. ஒரு பூட்ஸ்.
ஒரு சக்கரம், அதில் காற்று இருந்தது என்று எழுதுகிறார்.
திருகைத் தளர்த்தியதும் சீறிக்கொண்டு வந்ததாம்,
நாய் பயந்து ஓடிவிட்டதாம்.

இருபத்தாறு வருடத்துக் காற்று.
இங்கிலாந்தின் ஏதோ ஓடுதளத்தில்
மழையில் நனைந்துகொண்டு எவனோ அடைத்தது.
கடையைச் சாத்திவிட்டு அன்று முழுக்க
அந்தக் காற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
இளைக்கிறவனுக்கு வேறென்ன நினைப்பு வரும்.

வால் பகுதி மட்டும் இல்லையாம்.
அடுத்த வயலில் புதைந்திருக்கலாம்,
அங்கே சர்க்கரைக் கிழங்கு நிற்கிறது.

எப்போது தோண்டுவீர்கள் என்று ஒரு வரி எழுதினேன்.
மற்றவை எல்லாம் அவருக்கெதற்கு,
புருவத்துத் தழும்பு, மூன்றாம் தூண்.

நேற்றுப் பதில் வந்தது.
அறுவடைக்கு இன்னும் பத்தே வாரம்.

பத்தா, சீட்ஸே?
எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு.
சரி, சொல்லும்.
கயிற்றை நீர் பிடித்திருக்கிறீர்.
வலிக்கிறேன்.